ஆன்டிபயாடிக் வீட்டுக்கு வந்த பிறகு: கரைப்பது, அளப்பது, நேரம் பார்ப்பது

வாய்வழியாக எடுக்கும் ஆன்டிபயாடிக் வயிற்றில் கரைய வேண்டும், குடலில் உறிஞ்சப்பட வேண்டும், ரத்தத்தோடு போய் கிருமி இருக்கும் இடத்தில் போதுமான அளவில் போதுமான நேரம் நிற்க வேண்டும். டாக்டர் சரியான மருந்தை எழுதிவிட்டாலும் மீதி வேலை முழுவதும் நம் சமையலறையில்தான் நடக்கிறது. கோட்டைத் தாண்டி ஊற்றிய தண்ணீர், காபி கலக்கும் ஸ்பூன், மாத்திரையோடு குடித்த ஒரு டம்ளர் மோர் என்று சின்ன விஷயங்கள் நல்ல மருந்தையும் பாதி மருந்தாக்கிவிடும். அதைத் தவிர்க்கும் வழிகளைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். மருந்தைத் தேர்ந்தெடுப்பது டாக்டர் வேலை. இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் கடையில் போய் மருந்து கேட்க வேண்டாம்.

முதல் டோஸுக்கு முன்

சளி, ஃப்ளூ, டெங்கு, பெரும்பாலான தொண்டை வலி எல்லாமே வைரஸால் வருபவை. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்கான மருந்து, அவற்றைத் தொடாது. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினாலே பாக்டீரியா என்று அர்த்தமில்லை. சாதாரண வைரஸ் சளியும் மூன்று நான்கு நாளில் அப்படித்தான் நிறம் மாறும். குழந்தையின் வயிற்றுப்போக்குக்கும் பெரும்பாலும் ஓ.ஆர்.எஸ் கரைசலும் துத்தநாக மருந்தும்தான் தேவை (6 மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு தினம் 20 மி.கி., 14 நாள்). மலத்தில் ரத்தம் வந்தால் கதை வேறு, உடனே காட்ட வேண்டும்.

டாக்டர் யூரின் கல்ச்சர் அல்லது பிளட் கல்ச்சர் (சிறுநீரிலோ ரத்தத்திலோ உள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனை) எழுதியிருந்தால், மாத்திரையின் முதல் டோஸுக்கு முன்பே மாதிரியைக் கொடுத்துவிடுங்கள். ஒரே ஒரு மாத்திரை உள்ளே போனாலும் கிருமி ஆய்வகத் தட்டில் வளராமல் போகலாம். பிறகு எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்று கண்டுபிடிக்க வழியிருக்காது. சிறுநீர் மாதிரிக்கு முதலில் வரும் கொஞ்சத்தை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். டைபாய்டு சந்தேகத்திலும் இதே கதைதான். காய்ச்சல் வந்த மூன்றாம் நாள் எடுத்த ஒரே ஒரு விடால் டெஸ்டை (டைபாய்டுக்கான எதிர்ப்புப் பொருளை ரத்தத்தில் தேடும் சோதனை) வைத்து மருந்து தொடங்குவது நம்மூரில் சாதாரணமாக நடக்கிறது. ஆனால் அந்த டெஸ்ட் நோயின் ஆரம்பத்தில் இல்லை என்று காட்டலாம். முன்பு வந்துபோன தொற்றுக்கு இப்போது இருக்கிறது என்றும் காட்டலாம். முதல் வாரத்தில் எடுக்கும் பிளட் கல்ச்சர்தான் நம்பத்தக்கது. ரத்தம் எடுத்த கையோடு மருந்தைத் தொடங்கிவிடலாம், ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்ல வேண்டியவை சில உண்டு. முன்பு எந்த மருந்துக்காவது தடிப்போ வீக்கமோ வந்ததா, சிறுநீரகக் கோளாறு இருக்கிறதா, கர்ப்பமா அல்லது பால் கொடுக்கிறீர்களா என்பவை முதலில். அடுத்தது, தினமும் எடுக்கும் மருந்துகள். வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளின் வேகத்தைப் பல ஆன்டிபயாடிக்குகள் கூட்டிவிடும், ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர் பரிசோதனையை முன்கூட்டியே செய்ய வேண்டியிருக்கும். கிளிமிபிரைட் எடுக்கும் சர்க்கரை நோயாளிக்கு லீவோஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின் கொடுத்தால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். ஆஸ்துமாவுக்கு டெரிஃபிலின் எடுப்பவருக்கு சிப்ரோஃப்ளாக்சசின் சேர்ந்தால் அதன் உட்பொருளான தியோஃபிலின் ரத்தத்தில் கூடி படபடப்பு, வாந்தி, சில நேரம் வலிப்பு வரை கொண்டுபோகும். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் அதையும் சொல்லுங்கள். டி.பி. சளிப் பரிசோதனை செய்யாமல் லீவோஃப்ளாக்சசின் வகையைக் கொடுத்தால் காய்ச்சல் கொஞ்சநாள் அடங்கும், டி.பி. மறைந்து நிற்கும்.

கடையில் மருந்து வாங்கியதும் அட்டையைத் திருப்பி, பெரிய எழுத்தில் இருக்கும் பிராண்ட் பெயருக்குக் கீழே உள்ள மருந்தின் பெயரைப் படியுங்கள். ஆக்மென்டின், கிளாவம், மாக்ஸிகைண்ட் சிவி மூன்றும் ஒரே கூட்டு: அமாக்சிசிலினும் கிளாவுலானிக் அமிலமும். இரண்டு டாக்டரிடம் காட்டிவிட்டு இரண்டு பிராண்டில் ஒரே மருந்தை விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். "லீவோ" என்று வாயால் சொன்னால் அலர்ஜிக்கான லீவோசெட்ரிசினும் வரலாம், ஆன்டிபயாடிக்கான லீவோஃப்ளாக்சசினும் வரலாம். சீட்டைக் காட்டித்தான் வாங்க வேண்டும். அட்டையில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் அது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. செஃபிக்சிம், லீவோஃப்ளாக்சசின் போன்றவை 2014 மார்ச் முதல் எச்1 பட்டியலில் (விற்பனைக்குக் கூடுதல் கட்டுப்பாடு உள்ள மருந்துகளின் சட்டப் பட்டியல்) இருக்கின்றன. நோயாளி பெயர், டாக்டர் பெயர், அளவு எல்லாவற்றையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். அவர் சீட்டு கேட்டால் கோபப்பட வேண்டாம், சட்டப்படி தன் வேலையைச் செய்கிறார்.

பொடி பாட்டிலைக் கரைப்பது

குழந்தைகளுக்கான அமாக்சிசிலின், ஆக்மென்டின் வகை, செஃபிக்சிம் பலவும் பாட்டிலின் அடியில் பொடியாகத்தான் வரும். தண்ணீரில் கரைத்துவிட்டால் சில நாளில் வீரியம் குறையும் என்பதால் அப்படி. பெட்டியைத் திறந்ததும் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணாடியிலோ லேபிளிலோ ஓர் அம்புக்குறியோ கோடோ இருக்கும். கரைத்து முடித்தபின் மருந்து நிற்க வேண்டிய மட்டம் அது. பெட்டிக்குள் சின்ன பிளாஸ்டிக் குப்பியில் சுத்திகரித்த தண்ணீர் இருந்தால் அதையே ஊற்றுங்கள். இல்லையென்றால் கொதிக்கவைத்து முழுக்க ஆறிய தண்ணீர். கேன் தண்ணீரானாலும் ஒருமுறை கொதிக்கவைப்பது நல்லது. வெதுவெதுப்பாகக்கூட இருக்கக் கூடாது, சூடு மருந்தைச் சிதைக்கும்.

மூடியைத் திறக்கும் முன் பாட்டிலைக் கவிழ்த்து உள்ளங்கையில் நாலு தட்டு தட்டுங்கள். அடியில் இறுகிக் கிடக்கும் பொடி உதிர்ந்து ஓட வேண்டும். இதைச் செய்யாமல் தண்ணீர் ஊற்றினால் மேலே சகதிபோல் கட்டி, அடியில் காய்ந்த பொடி அப்படியே நிற்கும். முதலில் தேவையானதில் பாதி தண்ணீர் ஊற்றி, மூடி, ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். நுரை அடங்கட்டும். பிறகு கோடு வரை மீதியை ஊற்றி மறுபடி குலுக்குங்கள். ஐந்து நிமிடம் வைத்துப் பார்த்தால் மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கலாம். நுரையில் ஏமாந்ததுதான் காரணம். கொஞ்சம் ஊற்றி கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். பாட்டிலைச் சாய்த்து அடிமூலையைப் பாருங்கள், வெள்ளைக் கட்டி ஒட்டியிருந்தால் இன்னும் குலுக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் ஒவ்வொரு டோஸும் கூடுதல் வீரியம், அதிகமானால் ஒவ்வொரு டோஸும் குறைவு. கோடு தாண்டி ஊற்றிவிட்டால் மேலிருந்து கொஞ்சம் கொட்டிச் சரிசெய்ய முடியாது, கொட்டுவதில் மருந்தும் போகும். எவ்வளவு கூடிவிட்டது என்று கடைக்காரரிடம் காட்டுங்கள். கொஞ்சம் என்றால் விட்டுவிடச் சொல்வார், நிறைய என்றால் புது பாட்டில்தான்.

கரைத்த தேதியை மார்க்கரால் லேபிளில் எழுதுங்கள். ஆக்மென்டின் வகையை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், 7 நாளுக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. கதவில் வைக்காமல் உள் தட்டில் வையுங்கள். கதவு திறந்து மூடும் இடத்தில் சூடு ஏறி இறங்கும். ஃபிரீசரில் போடக் கூடாது. கரைத்தபோது வெண்மையாக இருந்தது பழுப்பு மஞ்சளாகிவிட்டால் கிளாவுலானிக் அமிலம் சிதைந்துவிட்டது, கொட்டிவிடலாம். எல்லா சிரப்பும் ஃபிரிட்ஜில் வைப்பதல்ல. கிளாரித்ரோமைசின் சிரப்பைக் குளிரில் வைத்தால் கெட்டியாகிக் கசப்பும் கூடும். லேபிளில் எழுதியிருப்பதே முடிவு.

இரண்டு பாட்டில் வாங்கியிருந்தால் இரண்டையும் ஒரே நாளில் கரைக்காதீர்கள். 3 மி.லி. வீதம் தினம் இருவேளை, 10 நாள் என்றால் மொத்தம் 60 மி.லி., அதாவது 30 மி.லி. பாட்டில் இரண்டு. முதல் பாட்டில் ஐந்தாம் நாள் முடியும். இரண்டாவதையும் முதல் நாளே கரைத்திருந்தால் கடைசி மூன்று நாள் குழந்தை குடிப்பது காலாவதியான மருந்து. ஆறாம் நாள் காலையில் கரைத்தால் பிரச்சினையே இல்லை.

மி.லி. கணக்கு

இந்த இடத்தில்தான் பெரிய தவறுகள் நடக்கின்றன. ஆக்மென்டின் சிரப் 228.5 என்றும் 457 என்றும் இரண்டு வீரியத்தில் கடையில் இருக்கும். 5 மி.லி.யில் முதலாவதில் 200 மி.கி. அமாக்சிசிலின், இரண்டாவதில் 400 மி.கி. டாக்டர் 457ஐ மனதில் வைத்து 3 மி.லி. என்று எழுத, கடையில் ஸ்டாக் இல்லாமல் 228.5 கொடுத்தால், அதே 3 மி.லி.யில் குழந்தைக்குப் பாதி மருந்துதான் போகும். அப்போது 6 மி.லி. கொடுக்க வேண்டும். கடையில் வீரியம் மாற்றிக் கொடுத்தால் மி.லி.யையும் மாற்றி எழுதித் தரச் சொல்லாமல் அங்கிருந்து நகராதீர்கள். சீட்டில் வெறும் "5 மி.லி." என்று மட்டும் இருந்து வீரியம் இல்லையென்றால், டாக்டரைக் கேட்டுவிடுவதே சரி.

குழந்தைக்கான அளவு எடையை வைத்து வருவது. போன வருடம் 8 கிலோ இருந்தபோது எழுதிய சீட்டு இப்போது 11 கிலோ இருக்கும் குழந்தைக்குப் பொருந்தாது. அண்ணனுக்கு எழுதியது தம்பிக்கும் பொருந்தாது. கிளினிக் போகும்போது அன்றைய எடை தெரிந்திருப்பது டாக்டருக்குப் பெரிய உதவி.

வீட்டு ஸ்பூனில் அளக்காதீர்கள். ஒவ்வொரு வீட்டு டீஸ்பூனும் ஒவ்வொரு அளவு, 3 மி.லி. பிடிப்பதும் உண்டு, 7 மி.லி. பிடிப்பதும் உண்டு. கடையில் ஊசி இல்லாத 5 மி.லி. சிரிஞ்ச் ஒன்று கேட்டு வாங்குங்கள், சில ரூபாய்தான். ஒவ்வொரு முறையும் பாட்டிலைக் குலுக்கிய பிறகே எடுங்கள். மருந்து அடியில் தங்கும் தன்மை உள்ளது. குலுக்காமல் கொடுத்தால் முதல் நாட்களில் நீர்த்த மருந்தும், கடைசியில் அடிக்கெட்டியும் போகும். பாட்டிலோடு வரும் அளவு மூடியைப் பயன்படுத்தினால் மேசை மேல் வைத்து, கண்ணைக் கோட்டின் மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். கையில் உயர்த்திப் பிடித்துப் பார்த்தால் கோடு ஏமாற்றும்.

குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, சிரிஞ்சின் நுனியைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுங்கள். நேராகத் தொண்டைக்குப் பீய்ச்சினால் புரையேறும். மூக்கைப் பிடித்து ஊற்றுவது ஆபத்து. பாலாடையில் கொடுத்துப் பழகிய வீடு என்றால் சிரிஞ்சில் அளந்து பாலாடையில் விட்டுக் கொடுத்து, ஒட்டியிருப்பதைக் கொஞ்சம் தண்ணீரில் அலசி அதையும் கொடுத்துவிடுங்கள். பால் பாட்டிலில் கலக்க வேண்டாம். குழந்தை பாதிப் பாலை விட்டுவிட்டால் எவ்வளவு மருந்து போனது என்று யாருக்கும் தெரியாது. கசப்புக்குப் பிறகு ஏதாவது இனிப்பாக நாக்கில் தடவலாம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் மட்டும் கூடாது.

மாத்திரை

ஆக்மென்டின் வகை மாத்திரையில் 625 என்பது 500 மி.கி. அமாக்சிசிலினும் 125 மி.கி. கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்தது. 375 என்பது 250ம் 125ம். 625 கிடைக்கவில்லை என்று 375ல் இரண்டு போட்டால் அமாக்சிசிலின் 500 சரியாக வரும், கிளாவுலானிக் அமிலம் இரட்டிப்பாகி வயிற்றுப்போக்குதான் மிஞ்சும். இந்த மாத்திரைக்கு ஈரம் ஆகாது. ஏழு கிழமைக்கும் அறை பிரித்த மாத்திரைப் பெட்டியில் பிரித்துப் போட்டு வைக்காதீர்கள், அட்டையிலிருந்து அந்தந்த வேளைக்குத்தான் எடுக்க வேண்டும். நடுவில் கோடு இருக்கும் மாத்திரையை விழுங்க வசதியாக உடைத்து இரண்டு துண்டையும் அப்போதே போட்டுக்கொள்ளலாம். பெயரோடு எக்ஸ்.எல்., எக்ஸ்.ஆர்., எஸ்.ஆர். என்று இருந்தால் உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. நாள் முழுக்க மெதுவாக வெளிவர வேண்டியது ஒரேயடியாக வெளிவந்துவிடும்.

"மாத்திரை வேண்டாம், ஊசி போடுங்கள்" என்று கேட்பது நம்மிடம் உள்ள பழக்கம். டாக்சிசைக்ளின், லீவோஃப்ளாக்சசின், மெட்ரோனிடசோல் போன்றவை வாய்வழியாகவே ஏறக்குறைய முழுதாக ரத்தத்தில் சேர்ந்துவிடும். விழுங்க முடிகிற, வாந்தி எடுக்காத நோயாளிக்கு இவற்றில் ஊசியால் கூடுதல் பலன் இல்லை.

கடிகாரம்

சீட்டில் 1-0-1 என்று இருந்தால் பிரஷர் மாத்திரைக்குக் காலை, இரவு என்று எடுத்துக்கொள்கிறோம். ஆன்டிபயாடிக்குக்கு அது 12 மணி நேர இடைவெளி: காலை 8, இரவு 8. 1-1-1 என்றால் 8 மணி நேரம். காலை 9, மதியம் 1, இரவு 8 என்று சாப்பாட்டை ஒட்டி எடுத்தால் பகலில் நெருக்கமும், இரவில் 13 மணி நேர வெற்றிடமும் வந்துவிடும். காலை 6, பகல் 2, இரவு 10 என்று வைத்துக்கொள்ளலாம். அலாரம் அடித்து நடு இரவில் எழ வேண்டியதில்லை, அரைமணி முன்பின் ஆனாலும் பாதகமில்லை.

இவ்வளவு கறார் ஏன் என்றால், சிறுநீரகம் நன்றாக வேலை செய்பவரின் ரத்தத்தில் அமாக்சிசிலின் அளவு ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். பென்சிலின், செஃபலோஸ்போரின் குடும்பங்கள் கிருமியைக் கொல்வது எவ்வளவு உச்சத்துக்கு ஏறின என்பதைவிட, தேவையான அளவுக்கு மேல் எவ்வளவு நேரம் நின்றன என்பதைப் பொறுத்தது. விட்டுப்போன வேளையை ஈடுகட்ட அடுத்த வேளை இரண்டாகப் போட்டால் பலன் இல்லாமல் வயிறு மட்டும் கெடுவது இதனால்தான். அசித்ரோமைசின் இதற்கு நேர்மாறு. திசுக்களுக்குள் போய்த் தங்கி, மாத்திரை நிறுத்திய பிறகும் நாள் கணக்கில் இருக்கும். தினம் ஒன்று, மூன்று நாள் என்று எழுதுவது அதனால். "மூணே மாத்திரையா?" என்று தயங்கி நாமாக நீட்ட வேண்டாம்.

எதோடு, எதற்குப் பிறகு

ஆக்மென்டின் வகையைச் சாப்பிட ஆரம்பிக்கும்போது, முதல் இட்லியோடு போட்டுக்கொள்வது சிறந்தது. கிளாவுலானிக் அமிலம் நன்றாக உறிஞ்சப்படும், வயிறும் குறைவாகப் புரட்டும். வெறும் அமாக்சிசிலின் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். கிளாக்சாசிலின் வெறும் வயிற்றில்: சாப்பாட்டுக்கு ஒரு மணி முன் அல்லது இரண்டு மணி பின். சிறுநீர்த் தொற்றுக்கான நைட்ரோஃப்யூரன்டாயின் சாப்பாட்டோடு. சிறுநீர் அடர் மஞ்சள் அல்லது பழுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். அதே தொற்றுக்கு எழுதும் ஃபாஸ்ஃபோமைசின் 3 கிராம் பாக்கெட்டைத் தண்ணீரில் கரைத்து, இரவு படுக்கும் முன் சிறுநீர் கழித்துவிட்டு, காலி வயிற்றில் ஒரே தடவை குடிக்க வேண்டும்.

சிப்ரோஃப்ளாக்சசின் விஷயத்தில் கொஞ்சம் கவனம் தேவை. பால், தயிர், மோரில் இருக்கும் கால்சியம் அந்த மருந்தைப் பிடித்துக் கட்டிக்கொள்ளும். குடலில் உறிஞ்சப்படாமல் மலத்தோடு போய்விடும். ஜெலூசில், டைஜீன் போன்ற அமில முறிப்பான்களும் இரும்பு, கால்சியம், துத்தநாக மாத்திரைகளும் இன்னும் மோசம். அவற்றுக்கு இரண்டு மணி முன்போ, ஆறு மணி பின்போ சிப்ரோஃப்ளாக்சசின் எடுங்கள். காலை காபியோடு எடுத்தால் பால் ஒருபக்கம் மருந்தைக் குறைக்கும், இன்னொரு பக்கம் மருந்து காஃபினை உடம்பிலிருந்து வெளியேறவிடாது. படபடப்பும் தூக்கமின்மையும் வரும். மருந்து எடுக்கும் நாட்களில் காபியைக் குறைத்துக்கொள்ளுங்கள். குதிகாலுக்கு மேல் நரம்பு இழுப்பதுபோல் வலி வந்தால் அடுத்த மாத்திரை போடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். இந்த வகை மருந்து தசைநாரைப் பாதிக்கக்கூடும்.

டாக்சிசைக்ளின் மழைக்காலத்திலும் அதை ஒட்டிய குளிர்காலத்திலும் தமிழ்நாட்டில் அதிகம் எழுதப்படும் மருந்து. சிறு பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலுக்கும் எலிக்காய்ச்சலுக்கும் அதுதான் மருந்து. ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு, உட்கார்ந்தோ நின்றோ விழுங்க வேண்டும், அரைமணியாவது படுக்கக் கூடாது. காய்ச்சலில் படுத்தபடியே ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கினால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும். மறுநாள் நெஞ்சுக்குள் முள் குத்துவதுபோல் எச்சில் விழுங்கக்கூட முடியாமல் போகும். எனவே இரவு வேளையைப் படுக்கப் போகும்போது வைக்காமல் சாப்பாட்டோடு வையுங்கள். வயலில் வேலை செய்பவர்கள் அந்த நாட்களில் முழுக்கைச் சட்டை போட்டுத் தலையை மூடிக்கொள்ளுங்கள், வெயில் பட்டால் தோல் எளிதில் கருகும். இரும்பு மாத்திரையை இரண்டு மூன்று மணி நேரம் தள்ளி எடுங்கள்.

மெட்ரோனிடசோல் எடுக்கும்போதும், நிறுத்தி இரண்டு நாள் வரையிலும் மது கூடாது. வாயில் இரும்பைச் சப்பியது போன்ற ருசி வருவது சகஜம்.

ஆன்டிபயாடிக் என்றாலே கூடவே ஒரு கேஸ் மாத்திரை என்பது எழுதப்படாத வழக்கமாகிவிட்டது. எல்லாருக்கும் அது தேவையில்லை. செஃப்போடாக்சிம், செஃப்யூராக்சிம் மாத்திரைகள் உறிஞ்சப்பட வயிற்றில் அமிலம் இருக்க வேண்டும். கேஸ் மாத்திரையான பான்டோபிரசோல் அந்த அமிலத்தையே குறைத்துவிடும். இந்த இரண்டில் ஒன்றை எடுக்கிறீர்கள் என்றால் கேஸ் மாத்திரை அவசியமா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இந்த இரண்டு ஆன்டிபயாடிக்கையும் சாப்பாட்டோடு எடுங்கள்.

விட்டுப்போனால், வாந்தியெடுத்தால்

மறந்த வேளை நினைவுக்கு வந்ததும் எடுங்கள். அடுத்த வேளைக்கு நேரம் நெருங்கிவிட்டால் மறந்ததை விட்டுவிட்டு அடுத்ததை மட்டும் எடுங்கள். குழந்தை மருந்து குடித்து அரைமணிக்குள் வாந்தியெடுத்தால் அதே அளவை மறுபடி கொடுக்கலாம். அரைமணி தாண்டியிருந்தால் வேண்டாம். திரும்பக் கொடுத்ததையும் கக்கிவிட்டால் டாக்டரிடம் போங்கள், அந்தக் குழந்தைக்கு வாய்வழி மருந்து தற்போதைக்குச் சரிப்படாது.

எது சாதாரணம், எது ஆபத்து

மலம் கொஞ்சம் இளகிப் போவது, லேசான குமட்டல் போன்றவற்றுக்காக மருந்தை நிறுத்த வேண்டியதில்லை. நீராகப் பலமுறை போனாலோ ரத்தம் கலந்தாலோ, மருந்து முடிந்து சில வாரம் கழித்து அப்படி ஆனாலும்கூட, காட்ட வேண்டும். முதல் டோஸ் போட்ட சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் உதடு, நாக்கு, முகம் வீங்குவது, உடம்பெங்கும் அரிப்போடு தடிப்பு, மூச்சில் விசில், மயக்கம் வந்தால் 108ஐ அழையுங்கள். அவில் மாத்திரை போட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரம் அதுவல்ல. சில நாள் கழித்து வாயிலும் கண்ணிலும் புண், தோலில் கொப்புளம், உரிதல் தெரிந்தாலும் மருந்தை நிறுத்திவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். அலர்ஜி வந்த மருந்தின் பெயரை, பிராண்டை அல்ல, ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். பென்சிலின் அலர்ஜி என்றால் அமாக்சிசிலின், ஆம்பிசிலின், ஆக்மென்டின் எல்லாமே அந்தக் குடும்பம்தான்.

எத்தனை நாள்

ஒவ்வொரு தொற்றுக்கும் ஒவ்வொரு கணக்கு. பெண்களுக்கு வரும் சாதாரண சிறுநீர்த் தொற்றுக்கு நைட்ரோஃப்யூரன்டாயின் 5 நாள் போதும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைத் தொற்றுக்கு அமாக்சிசிலின் 10 நாள். மூன்றாம் நாளே தொண்டை வலி போய்விடும், ஆனாலும் அந்தப் பத்து நாளும் வேண்டும்: தொண்டையில் எஞ்சும் கிருமி பிறகு ருமாட்டிக் காய்ச்சலாக வந்து இதய வால்வைக் கெடுப்பதைத் தடுப்பதற்கான கணக்கு அது. உடம்பு தேறிவிட்டதே என்று பாதியில் விடுவதும், இன்னும் இரண்டு நாள் போடலாமே என்று நீட்டுவதும் இரண்டும் தவறு. தேவைக்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு நாளும் குடலிலும் தோலிலும் இருக்கும் மற்ற பாக்டீரியாக்கள் அந்த மருந்தை எதிர்க்கப் பழகுகின்றன. சீக்கிரம் நிறுத்த வேண்டும் என்று தோன்றினால் டாக்டரைக் கேட்டு நிறுத்துங்கள்.

முதல் 24 மணி நேரத்தில் காய்ச்சல் விடாவிட்டால் "வேற ஸ்ட்ராங்கா குடுங்க" என்று போய் நிற்காதீர்கள். பெரும்பாலான தொற்றுகளில் 48 முதல் 72 மணி நேரத்தில் மாற்றம் தெரிய வேண்டும். டைபாய்டில் சரியான மருந்து கொடுத்தாலும் காய்ச்சல் முழுதாக இறங்க நான்கு முதல் ஏழு நாள் ஆகலாம். 72 மணி நேரம் கடந்தும் கொஞ்சமும் அசைவில்லை என்றால் அதே டாக்டரிடம், அதே சீட்டோடு, எடுத்த மருந்தின் அட்டையோடு போங்கள்.

காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலே மருத்துவமனைதான், வீட்டில் சிரப் கொடுத்துப் பார்ப்பதே கூடாது. இருமலோடு இருக்கும் குழந்தைக்கு மூச்சை எண்ணிப் பாருங்கள். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். 2 முதல் 11 மாதக் குழந்தைக்கு நிமிடத்துக்கு 50ம் அதற்கு மேலும், 1 முதல் 5 வயதுக்கு 40ம் அதற்கு மேலும் இருந்தால் வேகமான மூச்சு, அன்றே காட்டுங்கள். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழிவிழுந்தாலோ, குடிக்க மறுத்தாலோ, எழுப்பினால் எழாமல் துவண்டாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். பெரியவர்களில் பேச்சு குழறுவது, சிறுநீர் வெகுவாகக் குறைவது, கை கால் சில்லிட்டுப்போவது, நிற்காத வாந்தி எல்லாம் ரத்தத்தில் தொற்று பரவுவதன் அடையாளமாக இருக்கலாம். அந்த நிலையில் மாத்திரை போதாது.

மிச்சம்

பாட்டிலில் மிஞ்சிய சிரப்பையும், டாக்டர் மருந்தை மாற்றியதால் மிஞ்சிய நாலு மாத்திரையையும் அடுத்த காய்ச்சலுக்கு எடுத்து வைக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்கும் கொடுக்காதீர்கள். கழிவறையிலோ சிங்க்கிலோ கொட்டினால் சாக்கடையிலும் ஏரியிலும் இருக்கும் பாக்டீரியாக்கள் அந்த மருந்தோடு பழகும். சிரப்பை மண்ணோடோ காபித்தூள் சக்கையோடோ பிசைந்து, பிளாஸ்டிக் கவரில் கட்டி, வீட்டு அபாயக் கழிவு என்று தனியாகத் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள். திடக்கழிவு விதிகளிலேயே காலாவதியான மருந்துகளுக்கு அந்தத் தனி இடம் இருக்கிறது. காலிப் பாட்டிலின் லேபிளைக் கிழித்துவிடுங்கள். அதைக் கழுவி எண்ணெயோ வேறு மருந்தோ ஊற்றி வைத்தால், அவசரத்தில் யாராவது லேபிளை நம்பிக் குழந்தைக்குக் கொடுத்துவிடுவார்கள்.